மூப்பு, மறதி, கவிதை: எங்கள் விறாந்தையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில், மாதத்தின் கடைசி ஞாயிறு பின்னேரம் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஆளுக்கொரு கவிதை கொண்டுவந்து வாசிப்பது, வாசித்ததைப் பிய்த்துப் பார்ப்பது, தேத்தண்ணி குடிப்பது, இவ்வளவுதான் வேலை. எப்படியோ இரண்டு வருடமாக எல்லாரும் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்: வயது போவது, மறந்து போவது. புதிதாக வருகிறவர்கள் கேட்பதும் அதே கேள்விகள். யாருக்கு எந்தப் பதிலைச் சொன்னேன் என்று எனக்கே குழம்பத் தொடங்கிவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

எனக்கு இருபத்திமூண்டு வயசு. மூப்பைப் பற்றி எழுத வயசு காணுமோ?

காணும். குண்டலகேசியில் நமக்கு மிஞ்சியவை சில பாடல்கள்தான். அவற்றில் ஒன்று பாளைப் பருவம் செத்தது, பாலப் பருவம் செத்தது, காளைப் பருவம் செத்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "நாளும் நாள் சாகின்றாமால் நமக்குநாம் அழாதது என்னோ" என்று கேட்கிறது. அந்தக் கணக்கில் இருபத்துமூன்று வயதுக்காரர் ஏற்கெனவே இரண்டு பேரையாவது பறிகொடுத்தவர்.

ஆனால் முதல் கவிதையிலேயே ஒரு கிழவரின் உடம்புக்குள் புகுந்து "என் முழங்கால் நோகிறது" என்று எழுத வேண்டாம். பக்கத்தில் இருந்து பார்த்ததை எழுதுங்கள். போன வருடம் ஒரு தம்பி தன் அம்மம்மாவைப் பற்றி ஒரு கவிதை வாசித்தார். அம்மம்மா பாணைத் தேத்தண்ணியில் தோய்க்கிறார், பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிடுகிறது. கரண்டியை எடுக்குமுன் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார். கவிதை அவ்வளவுதான். அந்தப் பார்வையைக் காண எண்பது வயது தேவையில்லை, அந்த நேரத்தில் குசினியில் நின்றிருந்தால் போதும்.

தமிழில மூப்பெண்டாலே "இளமை நிலையாது, பார்த்து நட" எண்டு வெருட்டுறதுதானே? வேற மாதிரி ஏதும் இருக்கோ?

இருக்கிறது. அதுவும் மிகப் பழையது. புறநானூற்றின் 243ஆம் பாட்டு 14 வரி. ஒரு கிழவர் தன் சிறுவயதை நினைக்கிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டி விளையாடிய பெண்களோடு கைகோத்து ஆடியது, துறையில் தாழ்ந்து கிடந்த மருதமரக் கிளையில் ஏறியது, கரையில் நின்றவர்கள் திகைக்க ஆழமான மடுவில் "துடுமென" பாய்ந்தது, அடிவரை மூழ்கி மணலை அள்ளி வந்து காட்டியது. அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்கிறார். பிறகுதான் தன்னைக் காட்டுகிறார்: பூண் போட்ட தடியை ஊன்றி நடுங்கி நிற்கிற, இருமலுக்கு இடையில் ஒன்றிரண்டு சொல் பேசுகிற பெருங்கிழவர். பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. பாட்டில் வரும் தடியை வைத்தே "தொடித்தலை விழுத்தண்டினார்" என்று பெயர் நிலைத்துவிட்டது.

இந்தப் பாட்டை விறாந்தையில் எத்தனை தரம் வாசித்திருப்போமோ! எனக்கு ஒவ்வொரு முறையும் நிற்கிற இடம் அந்த மணல். அடித்தரை வரை போனேன் என்பதற்கு அந்தப் பையன் கொண்டுவந்த சாட்சி அது. எங்கள் ஊர்க் கடலில் சுழியோடுகிற பொடியன்களும் இதையேதான் செய்கிறார்கள்: மேலே வந்ததும் கையை விரித்து மண்ணைக் காட்டுவார்கள். விரல் இடுக்கால் பாதி போயிருக்கும். கிழவரின் கையில் இப்போது மணல் இல்லை, தடி இருக்கிறது. பாட்டில் எங்கேயும் உபதேசம் இல்லை.

வெருட்டுகிற பாட்டுகளையும் தள்ளிவிட வேண்டாம். நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரத்தில், என்னைப் பெற்றவள் என்னை இங்கே விட்டுவிட்டுத் தன் தாயைத் தேடிப் போய்விட்டாள் என்று ஒரு செய்யுள் தொடங்கும். "தனக்குத்தாய் நாடியே சென்றாள்." அறிவுரை சொல்ல வந்த புலவரின் கையிலிருந்து நழுவி விழுந்த வரி போல இருக்கும். இதைக் கடைசியில் ஒருமுறை நினைவுபடுத்துவேன்.

நரை, திரை, ஊன்றுகோல், சாய்மனைக் கதிரை. இதுகளை விட்டால் எழுத என்ன இருக்கு?

நரையை விட வேண்டியதில்லை, பார்த்து எழுத வேண்டும். புறநானூறு 195இல் நரிவெரூஉத்தலையார் நரைமயிரை "கயல்முள் அன்ன" என்கிறார். மீன்முள். சாப்பிட்ட கோப்பை ஓரத்தில் ஒதுக்கி வைத்த முள்ளை மீன்பிடி ஊரில் வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பஞ்சு, பனி, வெள்ளி என்று எங்கேயோ கேட்டதைத்தான் எழுதிக்கொண்டு வருகிறோம். பனியை யார் கண்டது இங்கே?

அப்புறம், இன்றைய மூப்புக்கு இன்றைய சாமான்கள் இருக்கின்றன. காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த குளிசைப் பெட்டி. செவ்வாய்க்கிழமை அறையில் குளிசை அப்படியே கிடப்பதும் புதன்கிழமை அறை வெறுமையாக இருப்பதும். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்த அலுமாரித் திறப்பு. வெளிநாட்டுப் பிள்ளை வீடியோவில் வரும்போது போனைக் காதில் வைத்துக்கொள்கிற தாய், திரை முழுக்க ஒரு காது பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை.

நினைவு, ஞாபகம் ரெண்டும் ஒண்டுதானே? கவிதையில எதைப் போட?

எது வாயில் வருகிறதோ அதை. நான் கவனிக்கச் சொல்வது "நினை" என்ற வேர்ச்சொல்லை. "நீ வருவாய் எண்டு நினைச்சன்" என்றால் எண்ணினேன். "உன்னை நினைச்சன்" என்றால் ஞாபகம் கொண்டேன். எண்ணுவதற்கும் ஞாபகம் கொள்வதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அம்மா "அப்பா நேற்று வந்தவர் எண்டு நினைக்கிறன்" என்று சொல்லும்போது அது எந்த நினைப்பு? அந்த மயக்கத்தைத் தீர்க்காமல் விடுவதே சில கவிதைகளுக்குப் போதும்.

வயது போய் நினைவு தடுமாறினால் "அறளை பெயர்ந்திட்டுது" என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்தச் சொல்லைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

நினைவு பிழைக்கும், பிழைக்கும் எண்டுறீங்கள். எப்பிடிப் பிழைக்குது?

படப்பெட்டியிலிருந்து பழைய படத்தை எடுத்துப் பார்ப்பதுபோல நினைவு வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் கிடைத்த துண்டுகளை வைத்துப் புதிதாகக் கட்டுகிறோம். இடைவெளியைத் தெரிந்ததை வைத்து அடைக்கிறோம். 1932இல் பிரெடரிக் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இதைப்பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களிடம் வாசிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லச் சொன்னார். கதையில் வந்த பழங்குடி வள்ளம் பலருடைய வாயில் சாதாரணப் படகாகிவிட்டது. விளங்காத பகுதிகள் உதிர்ந்து போயின. பொய் சொல்ல யாரும் நினைக்கவில்லை.

இங்கேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போட்டதைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்கிற ஒரு அண்ணர் எங்களோடு வருவார். வானத்தின் நிறம், துறைமுகப் பக்கம் எழுந்த புகை, தாய் தன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியது, ஓடும்போது ஒரு செருப்புக் கழன்றது வரை சொல்வார். குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 9. அவருடைய அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1944. ஒருநாள் அவரே கணக்குப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். இடுப்பில் இருந்தது அவருடைய அக்கா. தாய் சொல்லிச் சொல்லிக் கேட்ட கதைக்குள் தன்னை ஏற்றி வைத்துவிட்டார். அக்காவை இறக்கிவிட்டதுதான் தன்னை உறுத்துகிறது என்று பிறகு சொன்னார். அன்றைக்கு அவருக்குக் கவிதை கிடைத்தது.

புயல்களும் இப்படித்தான் கலந்துவிடும். 1964 டிசம்பர் 22இல் திருகோணமலையை அடித்த புயலும் 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அழித்த சூறாவளியும் பலருடைய கதையில் ஒரே இரவாகிவிட்டன. ஒரு புயலின் கூரை இன்னொரு புயலின் காற்றில் பறக்கும்.

அம்மாவுக்குக் காலமை சாப்பிட்டது தெரியாது. அறுபது வருசத்துக்கு முந்தினது மட்டும் பளிச்செண்டு இருக்கு. அதெப்பிடி?

தியோதூல் ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881இலேயே இதைச் சொன்னார்: நினைவு அழியும்போது புதியது முதலில் போகும், பழையது கடைசியாகப் போகும். அதோடு இன்னொன்றும் உண்டு. நல்ல ஞாபகசக்தி உள்ள முதியவர்களிடம் கேட்டாலும், பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் மற்றக் காலத்தைவிட அதிகமாக வரும். முதல் வேலை, முதல் காதல், கலியாணம், முதல் பிள்ளை என்று புதியவை எல்லாம் அந்த வயதில்தான் வந்து குவிகின்றன.

கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு தங்கச்சி தன் உம்மம்மாவைப் பற்றிச் சொன்னார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்த மிதவையைப் "பாதை" என்றுதான் நாங்கள் சொல்வோம். உம்மம்மாவை இப்போது ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது, பாலத்தின் நடுவில் வைத்து, "பாதை போயிட்டுதோ? அடுத்த பாதை எத்தின மணிக்கு?" என்று கேட்கிறாராம். கீழே தண்ணீர், மேலே ஓட்டோ, இல்லாத பாதைக்குக் காத்திருக்கிற ஒரு மனுசி. கவிதையில் "பாதை" என்ற சொல்லுக்கு அடிக்குறிப்புப் போடவா என்று தங்கச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். வெளியூர்க்காரர் அதை வழி என்று வாசித்தால் வாசிக்கட்டும், அதுவும் பொருந்துகிறது.

பேரப்பிள்ளையின்ர பேர் மறந்து போச்சு, தேவாரம் மட்டும் மறக்கேல்லை. கடவுள் கிருபையோ?

கிருபை பற்றி நான் பேச ஆளில்லை. பாட்டின் கட்டுமானத்தைப் பற்றிப் பேசலாம். சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தை எடுங்கள். கடைசிப் பாட்டான கடைக்காப்பைத் தவிர ஒவ்வொரு பாட்டும் "கோணமாமலை அமர்ந்தாரே" என்றுதான் போய்ச் சேரும். எங்கே புறப்பட்டாலும் இறங்குகிற இடம் தெரியும். எதுகை அடுத்த அடியின் வாசலில் நின்று கைகாட்டும். அந்தாதி என்றால் இன்னும் வசதி, ஒரு பாட்டு முடிந்த சொல்லிலேயே அடுத்தது தொடங்கும். எழுதி வைக்க ஓலை எல்லாரிடமும் இல்லாத காலத்தில் மறதிக்கு எதிராகக் கட்டிய ஏற்பாடுகள் இவை. போதாததற்கு ஐந்து வயதிலிருந்து ஆயிரம் தடவை சொன்னது. பேரப்பிள்ளை வந்து நான்கு வருடம்தானே ஆகிறது.

எழுதுகிறவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மறதியைப் பற்றி எழுதும்போது ஒரு வரி திரும்பத் திரும்ப வரட்டும். மற்ற வரிகள் உதிர்ந்துகொண்டே போகட்டும்.

அப்ப வெண்பாவில எழுதலாமோ?

எழுதுங்கள். தளை, அதாவது சீரும் சீரும் சேருகிற விதி, தட்டாமல் எழுத முடிந்தால் எனக்கும் காட்டுங்கள். தளைக்காக "முதுமை"யை "மூப்பதனால்" என்று இழுக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

பிரமிள் எங்கட ஊர் ஆள்தானே. இதைப்பற்றி ஏதும் எழுதினவரோ?

தருமு சிவராம் என்ற பிரமிள் 1939இல் திருகோணமலையில் பிறந்தவர், 1997இல் தமிழ்நாட்டில் இறந்தார். எல்லாருக்கும் தெரிந்த அவருடைய மிகச் சிறிய கவிதையில், சிறகிலிருந்து பிரிந்த ஓர் இறகு காற்றில் ஒரு பறவையின் வாழ்வை எழுதிப் போகும். மூப்பு என்ற சொல்லும் நினைவு என்ற சொல்லும் அதில் இல்லை. எழுதுவது பறவை இல்லை, அதிலிருந்து கழன்ற ஒரு துண்டு என்பதை மட்டும் பாருங்கள். நம் வேலைக்கு அது போதும். அவரைப் போல எழுத முயன்று வீணாய்ப் போன கொப்பிகள் என்னிடமும் இரண்டு இருக்கின்றன.

நடந்ததைப் பிழையாய் எழுதிப்போட்டன். வீட்டுக்காரர் சிரிக்கினம். திருத்தவோ?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 64 புயலின்போது எனக்கு நான்கு வயது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார், அவருடைய தலைமயிர் நனைந்து என் கன்னத்தில் ஒட்டியது என்று ஒரு கவிதை எழுதினேன். நல்ல கவிதை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அக்கா தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்பா அப்ப அனுராதபுரத்தில வேலையடி. உன்னைத் தூக்கினது பக்கத்து வளவு மாமா. அவருக்கு மொட்டைத் தலை."

இரண்டு கிழமை அந்தக் கவிதையைத் தொடவில்லை. அப்பாவை எடுத்துவிட்டு மாமாவைப் போட்டுப் பார்த்தேன். செத்துப்போனது. கடைசியில் முன்பு எழுதியதை அப்படியே விட்டு, அக்கா சொன்னதை அவளுடைய வாய்ச்சொல்லிலேயே கீழே சேர்த்தேன். முந்தைய கவிதையில் அப்பா இருந்தார். இதில் அப்பா வேண்டியிருந்த பிள்ளையும் இருக்கிறது, பெயர்கூடக் கேட்டுவைக்காத மாமாவும் இருக்கிறார்.

ஆகவே திருத்த வேண்டாம், பிழை தெரிந்த பிறகு ஒளிக்கவும் வேண்டாம். ஆனால் கவிதைக்கு அழகாக இருக்குமென்று பிழையைத் தயாரித்துக்கொண்டு வருகிறவர்களை வாசிக்கும்போதே பிடித்துவிடலாம். அவர்களுடைய பிழைகள் எல்லாம் மிக வடிவாக இருக்கும்.

தனி ஆளுக்கு மட்டுமோ, ஊருக்கும் நினைவு பிழைக்குமோ?

கோட்டை வாசலுக்குப் போய்ப் பாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழிதான், மான்கள் நிற்கும். வாசல் கல்லில் இரட்டைக் கயலும் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். குளக்கோட்டன் என்ற பழைய அரசன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி வந்து குலைப்பான் என்று முன்கூட்டியே சொன்ன பாட்டு அந்தக் கல்லில் இருப்பதாகச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். கல்லில் அரைகுறையாகத்தான் எழுத்து இருக்கிறது. முழுப்பாட்டு வாயில் இருக்கிறது, வாய்க்கு வாய் வேறாக. "முன்னே குளக்கோட்டன்" என்பார் ஒருவர், "முன்னாட் குளக்கோட்டன்" என்பார் இன்னொருவர். ஒருவருக்குப் பறங்கி "பிடிப்பான்", இன்னொருவருக்குப் "பிரிப்பான்". பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று அடுத்து வரப்போகிறவர்கள் யார் யார் என்பதற்கு வீட்டுக்கு வீடு உரை உண்டு.

கல் எழுத்தை விட்ட இடத்தில் நாக்கு எழுதியிருக்கிறது. முன்பு சொன்ன பார்ட்லெட்டின் வள்ளமும் இதுவும் ஒரே கதைதான். நான் எந்தப் பாடத்தைச் சரியென்பேன் என்று கேட்காதீர்கள். என் அம்மப்பா சொன்ன பாடத்தைத்தான் சொல்வேன், அதுவும் எனக்குச் சரியாக ஞாபகம் இருந்தால்.

நினைவை நம்ப ஏலாதெண்டால், எங்களுக்கு நடந்ததெல்லாம் பொய்யெண்டு நாளைக்கு ஒருத்தன் சொல்லமாட்டானோ?

இதைக் கேட்டவர் கோபமாகத்தான் கேட்டார். கோபம் நியாயம். இந்த மாவட்டத்தில் 1983, 1990, 2006 என்று எத்தனை தடவை மூட்டை கட்டினோம். நடுவில் 2004 டிசம்பர் 26 கடல். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, கலியாணப் படம் எல்லாம் போன வீடுகளில் நினைவு மட்டும்தான் பத்திரம். அதையும் "நம்ப ஏலாது" என்றால்?

பிரித்துப் பார்க்க வேண்டும். 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்துத் திரும்பக் கேட்டபோது பலர் வேறு இடம், வேறு ஆட்கள் என்று உறுதியாகச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தைக் காட்டிய பிறகும் சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விண்கலம் வெடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சுனாமி பூரணை நாளில் வந்தது. அன்று தான் கோயிலில் நின்றேனா சந்தையில் நின்றேனா என்று ஒரு தாய் மாறிச் சொல்லலாம். பிள்ளை கையிலிருந்து போனதில் மாற்றம் இல்லை. மாறுவது பெரும்பாலும் ஓரங்கள்.

ஆகவே சாட்சியம் சொல்லப் போகிற இடத்தில் திகதி, இடம், கூட நின்றவர் பெயர் என்று மற்றவர்களோடு ஒத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கென்று வேறு கவனம், வேறு மொழி. கவிதைக்கு வரும்போது மாறிய ஓரத்தையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். அவர் முழுக்கச் சமாதானமாகிப் போகவில்லை. அடுத்த மாதமும் வந்தார்.

மறதிநோய் வந்த ஆளைப் பற்றி எழுதலாமோ? அவரிட்டச் சம்மதம் கேட்க ஏலாதே.

"அறளை" இங்கேதான் வருகிறது. வீட்டுக்குள் சலிப்பில் சொல்கிற சொல். கவிதையில் அதை வைத்தால், சொல்கிறவரின் சலிப்பும் கூடவே தெரிகிற மாதிரி வையுங்கள். அந்த ஆளுக்கு ஒட்டிய பட்டம் போலத் தனியே நிற்க விடாதீர்கள்.

நான் எனக்கு வைத்திருக்கிற அளவுகோல் இது: நல்ல சுகத்தோடு இருந்த காலத்தில் இந்த வரியை அவர் முன்னால் வாசித்திருப்பேனா? மலசலம், உடுப்பு, அழுகை பற்றிய வரிகளில் பாதி இங்கேயே விழுந்துவிடும். சிரித்த வரிகள் பெரும்பாலும் தப்பும். சகோதரங்களிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், அச்சில் வந்த பிறகு சண்டை பிடிப்பதைவிட நல்லது. முதல் கேள்வியில் சொன்ன தம்பி அம்மம்மாவிடமே வாசித்துக் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, "ஆர் அந்த மனுசி? பாவம், ஒரு பிஸ்கட் குடுங்கோ" என்றாராம்.

கவிதை எழுதினால் மறதி வராதாமே?

யார் சொன்னது? எழுதுவது சந்தோசம், அதற்காக எழுதுங்கள். மறதி கூடினால் டொக்டரிடம் காட்டுங்கள். தைரொய்ட் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு போன்றவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து இருக்கிறது. "வயசுதானே" என்று விட்டுவிட வேண்டாம்.

கவிதையில வாற "நான்" பிழை விடுற ஆள் எண்டு வாசிக்கிற ஆளுக்கு எப்பிடிக் காட்ட? "எனக்கு ஞாபகமில்லை" எண்டு எழுதினால் போதுமோ?

போதாது. உண்மையில் மறக்கிறவர் அப்படிச் சொல்வதில்லை, மிக உறுதியாகச் சொல்வார். அந்த உறுதிதான் உங்களுக்கு வேண்டும். சொன்னதையே சற்று மாற்றி, அதே உறுதியோடு திரும்பச் சொல்ல விடுங்கள். ஒரு பயிற்சிக்காக நான் எழுதிக் காட்டியது:

அப்பா வந்த அன்று மழை.
ரயிலில் வந்தார், கையில் மாம்பழப் பை.
மழையில்லை, வெயில். குடை பிடித்தது நான்தான்.
பஸ்ஸில்தான் வந்தார்.
மாம்பழம் இனிப்பு.

பெரிய கவிதை இல்லை. ஆனால் "மறதி" என்ற சொல் வரவில்லை, கடைசி வரியில் மட்டும் திருத்தம் இல்லை. இன்னொரு வழி, என் புயல் கவிதையில் அக்கா வந்ததுபோல வேறொரு குரலை உள்ளே விடுவது.

அம்மா ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுறா. அதையே எழுதினால் அலுக்காதோ?

ஒரே கதையா என்று முதலில் பாருங்கள். என் அம்மாவுக்கு இப்போது எண்பத்தேழு. பத்து வயதில் தன் தாயைப் பறிகொடுத்தவர். அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போனார்களாம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயின் கடமைக்காக உண்டாக்கியது என்று அங்கே வைத்துத்தான் கேள்விப்பட்டாராம். தலையில் தண்ணீர் வார்த்தபோது "சுடுகுது" என்று கத்தினாராம். இந்தக் கதையைக் கிழமைக்கு இரண்டு தரம் சொல்வார்.

முதலில் நானும் "ஓம் அம்மா, ஓம்" என்று அரிசி கிளைந்துகொண்டே கேட்டேன். பிறகு ஒரு கொப்பி எடுத்து, ஒவ்வொரு முறையும் திகதி போட்டு எழுதத் தொடங்கினேன். கேட்கும்போது திருத்துவதில்லை என்று மட்டும் எனக்குள் சொல்லி வைத்தேன். இதுவரை முப்பத்தொரு தடவை. சூடான கிணறு மூன்றாவது, பிறகு ஐந்தாவது, பிறகு கடைசி. வாளி பித்தளை, ஒருமுறை மட்டும் ஓலைப் பட்டை. தண்ணீர் வார்த்தது பெரும்பாலும் தகப்பன், சில நாள் தாய்மாமன், நாலைந்து முறை மூத்த அண்ணன். "சுடுகுது" மட்டும் மாறவேயில்லை.

போன மாதம் சொன்னபோது, ஆர் அம்மா வாத்தது என்று கேட்டேன். நாலடியாரின் அந்த வரி எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை, இரவு படுக்கும்போதுதான் வந்தது. அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நீதானே வாத்தனி" என்றார். "கையை வைச்சுப் பார்த்திட்டு வாத்திருக்கலாம்." கொப்பியில் அந்தத் திகதிக்கு நேரே அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கவிதையாக்க இன்னும் கை போகவில்லை. முழுக வார்க்கும் தண்ணீரில் மட்டும் இப்போது முதலில் விரலை வைத்துப் பார்க்கிறேன்.